நாளிட்டு எழுதிய ஆனந்தரங்கர்

தமிழர்க்குக் காவியம் உண்டு, இலக்கணம் உண்டு, சிற்பம் உண்டு. சரித்திரம் எழுதும் வழக்கம் மட்டும் இல்லை என்று சொல்லுவோர் பலர். இந்தக் குறையை மேனாட்டார் மட்டும் சொல்லவில்லை. நம்மவரும் சேர்ந்தே சொல்லி வருகிறோம். ஓரளவு உண்மையும் அதில் உண்டு. கல்லிலும் செம்பிலும் ஆண்டும் நாளும் பொறித்த நம் முன்னோர், தாம் வாழ்ந்த காலத்தின் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து எழுதி வைத்த ஏடுகள் மிகச் சிலவே. ஆயினும் அந்தச் சிலவற்றுள் ஒன்று, உலகத்தில் எந்த நாட்டார் எழுதிய நாட்குறிப்போடும் ஒப்பவைத்து எண்ணத்தக்கது. அதுதான் புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினப்படி சேதிக் குறிப்பு.

நான் சரித்திர மாணவன் அல்லன், பௌதிகம் பயில்பவன். சோதனைச் சாலையில் காலடி வைத்ததும் எங்களுக்குச் சொல்லித்தரும் விதிகள் மூன்று. கண்டதைக் கண்டபொழுதே குறித்துக்கொள். குறித்ததற்கு நாள் இடு. விடை எப்படி வரவேண்டும் என்று எண்ணி எண்களைத் திருத்தாதே. எளிய விதிகள்தாம், கடைப்பிடிப்பதுதான் கடினம். இந்த மூன்று விதிகளையும் கொண்டு ஆனந்தரங்கரை அளந்து பார்த்தால், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய புகழ் ஏன் மங்கவில்லை என்பது விளங்கும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன், அவரினும் பன்னிரண்டு நூற்றாண்டு முற்பட்ட ஒருவரை நண்பர்கள் சந்திக்க வேண்டும்.

பைசாந்தியத்துப் புரோக்கோப்பியஸ்

ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரிலிருந்து ஜஸ்டீனியன் என்ற பேரரசன் ஆண்டு வந்தான். அவனுடைய படைத்தலைவன் பெலிசாரியஸ். அந்தப் படைத்தலைவனுக்குக் காரியதரிசியாகப் பணியாற்றியவர் புரோக்கோப்பியஸ். பாலஸ்தீனத்துச் சிசரியா நகரிலே பிறந்தவர். படையோடு பாரசீக எல்லைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் சென்றார். கண்டவற்றை எட்டுப் பாகங்கள் கொண்ட போர் வரலாறாக எழுதினார். அரசன் கட்டிய மாளிகைகளையும் கோயில்களையும் புகழ்ந்து வேறொரு நூல் எழுதினார். மூன்றாவதாக, யாருக்கும் காட்டாமல் ஒரு நூல் எழுதினார். அதில் அரசனையும் அரசி தியோடோராவையும் கடுமையாகத் தூற்றியிருக்கிறார். அந்த மறைநூலின் பிரதியொன்று வாத்திக்கன் நூலகத்திலே கண்டெடுக்கப்பட்டு, 1623-ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது.

ஒரே கையால் புகழ்ச்சியும் வசையும் எழுதியவரை எப்படி நம்புவது? அரசனைப் பற்றி அவர் சொன்னதை நாம் ஐயுறலாம். ஆனால் 536-ஆம் ஆண்டையொட்டி, ஓராண்டு முழுவதும் கதிரவன் ஒளி குன்றிச் சந்திரனைப் போலத் தோன்றிற்று என்று அவர் குறித்திருக்கிறார். அரசனைப் புகழவோ இகழவோ இதனால் ஆவது ஒன்றுமில்லை; கண்டதை எழுதினார். நம் காலத்தில் துருவப் பனிப்பாளங்களையும் ஆல்ப்ஸ் மலைப் பனியையும் துளையிட்டு ஆராய்ந்தவர்கள், அந்த ஆண்டையொட்டிப் பேரெரிமலை ஒன்று வெடித்ததற்கான கந்தகத் தடத்தைக் கண்டனர். எரிமலைத் துகள் வான்மண்டலத்தில் பரவிக் கதிரொளியை மறைத்திருக்கிறது. 542-ஆம் ஆண்டில் தலைநகரை வாட்டிய கொள்ளைநோயைப் பற்றியும் அவர் எழுதினார். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டியதையும், உடன் வந்த காய்ச்சலையும் சொன்னார். அந்நூற்றாண்டின் எலும்புக்கூடுகளை ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் தோண்டியெடுத்து, அவற்றின் பற்களில் பிளேக் கிருமியின் மரபணுவைக் கண்டதாக 2013-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

ஆக, எழுதியவர் நேர்மையானவரா என்பது ஒரு கேள்வி. எழுதியது மெய்யா என்பது வேறொரு கேள்வி. நாளும் இடமும் குறித்து எழுதிவிட்டால், இரண்டாம் கேள்விக்கு என்றாவது ஒருநாள் விடை கிடைக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு புதுச்சேரிக்கு வருவோம்.

துபாஷியின் குடும்பம்

ஆனந்தரங்கம் பிள்ளை 1709-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. தாய்மாமன் முறையினரான நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் துபாஷி. இரண்டு மொழிகளைப் பேசுபவன் என்பதே துபாஷி என்ற சொல்லின் பொருள்; ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு முடிவதன்று. சரக்குக் கொள்முதல், வணிகர்க்கு முன்பணம், நவாபுகளோடு தூது, ஊர் வழக்குகள் ஆகிய அனைத்தும் அவர் கைவழியாகவே நடந்தன. கவர்னர் துரைக்குக் காதும் வாயும் அவரே எனலாம்.

அந்தப் பதவியின் ஆபத்தும் பெரிது. கவர்னர் எபேர் காலத்தில் நைனியப்ப பிள்ளை குற்றஞ்சாட்டப்பட்டு, கசையடி பட்டு, சிறையிலேயே 1717-இல் மாண்டார். அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு தேசம் வரை சென்று நீதி கேட்டார். அங்கே கிறிஸ்தவ சமயம் தழுவி, செவாலியே பட்டமும் பெற்றுத் திரும்பி, தந்தை வகித்த பதவியை வகித்து, 1724-இல் காலமானார். இளைஞர் ஆனந்தரங்கர் இந்த உயர்வையும் தாழ்வையும் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்து வளர்ந்தவர். துரைமாரின் தயவு எத்தனை நாள் நிற்கும் என்பது அவருக்கு ஏட்டுப் படிப்பன்று, குடும்ப அனுபவம்.

தந்தையார் 1726-இல் இறந்த பின், கவர்னர் லெனுவார் இந்த இளைஞரின் திறமையைக் கண்டு பரங்கிப்பேட்டைச் சாலையின் பொறுப்பைக் கொடுத்தார். அங்கிருந்து அவருடைய வாணிகம் வளர்ந்தது. துணி, பாக்கு, சாயச் சரக்கு என்று பலவும் விற்றார்; சொந்தமாகக் கப்பலும் ஓட்டினார். புதுச்சேரியில் அவர் கட்டிய மாளிகை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படும் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது. அந்நாளில் தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார். 1746-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின், பலத்த போட்டிக்கு நடுவே, மறு ஆண்டில் அப்பதவி ஆனந்தரங்கர்க்கு உறுதியாயிற்று. அப்போது கவர்னர் துய்ப்ளேக்ஸ். இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சியை நிறுவக் கனவு கண்ட அந்த மனிதரின் அருகிலேயே நின்றவர் நம் துபாஷி.

எழுதத் தொடங்கிய நாள்

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6, வியாழக்கிழமை. தமிழ்க் கணக்கில் நள வருடம் ஆவணி 25. அன்றுதான் நமக்குக் கிடைத்துள்ள குறிப்புத் தொடங்குகிறது. அவருக்கு வயது இருபத்தேழு. அன்று முதல் 1761 ஜனவரியில் உயிர் நீங்கும் வரை, இடையிடையே விடுபட்ட நாட்கள் உண்டெனினும், இருபத்தைந்து ஆண்டு அவர் எழுதிக்கொண்டே இருந்தார். லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் எழுதிய புகழ்பெற்ற நாட்குறிப்பு 1660 முதல் 1669 வரை, பத்து ஆண்டுக்கும் குறைந்த காலத்தையே உடையது. பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் தாம் ஆங்கிலத்தில் எழுதிய நூலில், ஆனந்தரங்கரைப் பிரெஞ்சிந்தியாவின் பெப்பிஸ் என்றே அழைத்தார். காலத்தின் நீளத்தை நோக்கினால், பெப்பிஸை இங்கிலாந்தின் ஆனந்தரங்கர் என்று சொன்னாலும் தவறில்லை!

எதை எழுதினார்? துறைமுகத்துக்கு வந்த கப்பல் எது, எத்தனை பீரங்கி முழங்கியது, கவர்னர் துரை எந்நேரம் வெளியே புறப்பட்டார், நவாபிடமிருந்து என்ன கடிதம் வந்தது, யார் யாருக்கு எவ்வளவு வெகுமதி தந்தார், நீதிமன்றத்தில் என்ன தண்டனை விதித்தார்கள், கடலில் எப்போது புயல் வீசிற்று என்றெல்லாம் எழுதினார். பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து அவர் கேட்ட ஊர்வம்பும் அதிலே உண்டு. ஜோதிடத்தில் அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை. கிரகநிலை பார்த்தே பலவற்றை நிதானித்தார். தெலுங்கும் பாரசீகமும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கலந்த அந்நாளைய பேச்சுத் தமிழே அவருடைய நடை. புலவர்கள் அந்த நடையைக் கண்டு முகம் சுளிக்கலாம். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழன் கடைத்தெருவிலும் கச்சேரியிலும் எப்படிப் பேசினான் என்று அறிய இதனினும் சிறந்த சான்று நமக்கு எங்கே கிடைக்கும்?

முடிவு அறியாது எழுதியது

சரித்திர ஆசிரியர்க்கும் நாட்குறிப்பு எழுதுவோர்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சரித்திர ஆசிரியர்க்குக் கதையின் முடிவு தெரியும். துய்ப்ளேக்ஸ் தோற்பார், ஆங்கிலேயர் வெல்வர் என்று அறிந்த பின்பே அவர் பேனாவை எடுக்கிறார். ஆகவே நடந்ததெல்லாம் அந்த முடிவை நோக்கியே நடந்ததுபோல் தோன்றிவிடுகிறது. ஆனந்தரங்கர்க்கு அந்த வசதி இல்லை. 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் லாபூர்தொனே என்ற கப்பற்படைத் தலைவர் சென்னைப்பட்டினத்தைப் பிடித்தபோது, இனி இந்தக் கரை முழுவதும் பிரெஞ்சுக்காரர்க்கே உரியது என்று புதுச்சேரி மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. அந்த எண்ணம் பின்னால் பொய்யாயிற்று. ஆனால் அந்நாளில் அது உயிருள்ள நம்பிக்கை. அதை அந்தச் சூட்டோடு காட்டுவது நாட்குறிப்பு ஒன்றே. சோதனை முடியுமுன் குறித்த எண்ணுக்கு உள்ள மதிப்பு இதற்கும் உண்டு.

1748-இல் ஆங்கிலத் தளபதி பொஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டார். முற்றுகை தோற்றது. ஆனால் அந்த நாட்களிலேதான் ஊரின் பழைய வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அருகிலிருந்த மாதா கோயிலின் பாதிரிமார் பல ஆண்டுகளாக இதனை வேண்டி வந்தனர். துய்ப்ளேக்ஸின் மனைவியும் அதற்குத் துணை நின்றார் என்று பிள்ளை எழுதுகிறார். நாட்டார்கள் ஒன்றுபட்டு நில்லாததைக் குறை கூறுகிறார். அதைப் படிக்கும்போது, தலைமைத் துபாஷியாகிய அவர் எவ்வளவு தூரம் தடுக்க முயன்றார் என்ற கேள்வியும் நம் மனத்தில் எழுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வேண்டிய செய்தியை நமக்குத் தந்தவரும் அவரே!

வேறு சில குறிப்புக்கள் இன்றும் நெஞ்சைச் சுடுவன. 1743-ஆம் ஆண்டில், அடிமை வாணிகத்துக்காக ஏழை எளியவரை ஏமாற்றிப் பிடித்து அடைத்து வைத்த கொடுமையை எழுதியிருக்கிறார். 1745-இல், புதுச்சேரி மாதா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையர் குலத்துக் கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற ஒரு சுவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த எளிய மக்கள் திரண்டு சென்று முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. எல்லோரும் ஒரு கடவுளின் பிள்ளைகள் அல்லரோ என்று அவர்கள் கேட்ட அந்த நியாயம், ஒரு செல்வந்த வணிகரின் ஏட்டிலே இடம்பெற்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் தரப்பில் எழுதுவார் ஒருவரும் இல்லை. பிள்ளையவர்களோ தம் காலத்துச் சாதி எண்ணங்களினின்றும் விடுபட்டவர் அல்லர். இருந்தும் எழுதினார். ஆதலால் அந்தச் சுவர் விழுந்த ஆண்டு நமக்குத் தெரிகிறது.

துய்ப்ளேக்ஸ் 1754-இல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். ஐதராபாத் நிஜாம் பதவிக்கு வந்த முசபர் ஜங்கிடமிருந்து மன்சப்தார் விருதும் செங்கற்பட்டு ஜாகீரும் பெற்றிருந்த ஆனந்தரங்கரின் செல்வாக்கும் தேயத் தொடங்கியது. கவர்னர் லெரி காலத்தில், 1756-ஆம் ஆண்டில் பதவியையும் இழந்தார். உடல் நலிந்தது, கடன் வசூலாகவில்லை. ஆயினும் குறிப்பை விட்டாரல்லர். பதவியில் இருந்தபோது எழுதியவர் பலர் உண்டு; பதவி போன பிறகும் எழுதியவர் சிலரே. ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை நகரைச் சூழ்ந்திருக்க, 1761 ஜனவரியில் அவர் கண்மூடினார். சில நாட்களில், ஜனவரி 16-ஆம் நாள், புதுச்சேரி சரணடைந்தது. தாம் ஆயுள் முழுவதும் குறித்து வந்த நாடகத்தின் கடைசிக் காட்சியை அவர் காணவில்லை.

பதினொரு நாள் புதிர்

இனி, பௌதிக மாணவனுக்கு மிகவும் சுவை தரும் பகுதிக்கு வருவோம். சென்னைப்பட்டினம் பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்த நாள் எது? ஆங்கிலேயரின் பழைய ஏடுகள் 1746 செப்டம்பர் 10 என்கின்றன. பிரெஞ்சு ஏடுகள் செப்டம்பர் 21 என்கின்றன. ஒரு கோட்டை இரண்டு முறை வீழ்ந்ததா?

இல்லை. பழைய ஜூலியன் கணக்கில் ஆண்டுக்கு 365¼ நாள். உண்மையான பருவ ஆண்டோ அதனினும் சுமார் பதினொரு நிமிடம் குறைவு. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இந்தப் பிழை நாட்களாகக் குவிந்தது. போப் கிரிகோரி 1582-இல் கணக்கைத் திருத்தினார். பிரான்சு அந்த ஆண்டிலேயே ஏற்றது. இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு பதினொரு நாள். ஆகவே ஏறக்குறைய நூறு மைல் தொலைவிலுள்ள சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, காலண்டரில் பதினொரு நாள் தொலைவு இருந்தது! ஆனந்தரங்கர் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்துக் குறித்தார். சூரியனின் ஓட்டத்தைப் பின்பற்றும் தமிழ்த் தேதி, இரண்டு கட்சிக்கும் பொதுவான நடுவராக நிற்கிறது. கிழமையும் மாறுவதில்லை. நான் மேலே சொன்ன 1736 செப்டம்பர் 6, கிரிகோரியன் கணக்கில் வியாழக்கிழமையே என்பதைத் தாளும் பென்சிலும் கொண்டு யாரும் சரிபார்க்கலாம்.

இந்த முறையைத் திருவனந்தபுரத்திலும் பயன்படுத்திப் பார்ப்போம். ஆவணியைச் சிங்கம் என்றும், தையை மகரம் என்றும் சொல்லப் பழகிவிட்ட நமக்கு இது எளிது. ஆனந்தரங்கர் புதுச்சேரியில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், மார்த்தாண்ட வர்ம மகாராஜா திருவிதாங்கூர் நாட்டை ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்த திருப்படித்தானம் இங்கே நிகழ்ந்தது. நாள், கொல்லம் 925 மகரம் 5. ஆங்கில நூல்கள் இதனை 1750 ஜனவரி 3 என்று எழுதுகின்றன. மகரம் பிறப்பதே இக்காலத்தில் ஜனவரி நடுவில் அன்றோ? மகரம் ஐந்தாம் நாள் ஜனவரி மூன்றாம் தேதியில் எப்படி வரும்?

கணக்கிட்டுப் பார்த்தேன். நம் பஞ்சாங்க ஆண்டு விண்மீன்களை ஒட்டியது. கிரிகோரியன் ஆண்டினும் சற்று நீண்டது. அதனால் மாதப் பிறப்பு ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்னே தள்ளிப்போகிறது. இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன், மகரப் பிறப்பு இன்றைக்கு நான்கு நாள் முந்தி, அதாவது ஜனவரி 10 அல்லது 11-இல் வந்திருக்கும். மகரம் 5 என்றால் ஜனவரி 14 அல்லது 15. அதிலிருந்து பதினொரு நாளைக் கழித்தால் ஜனவரி 3 அல்லது 4. புதிர் அவிழ்ந்தது! நூல்களில் நாம் படிக்கும் ஜனவரி 3 பழைய ஜூலியன் கணக்கிற்கே பொருந்துகிறது. ஓலையில் எழுதியவர் ‘மகரம் 5’ என்று நாளிட்டு வைத்ததனாலன்றோ இதனை நாம் சரிபார்க்க முடிந்தது?

இதே ஊரில் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த ‘மனோன்மணீயம்’ சுந்தரம் பிள்ளையவர்கள் செய்த பணியையும் இங்கே நினைக்க வேண்டும். அவர் நாடக ஆசிரியர் என்பதை எல்லாரும் அறிவர். வேணாட்டு மன்னர்களின் காலவரிசையை, கட்டுக்கதைகளை ஒதுக்கிவிட்டு, கல்வெட்டுக்களில் கண்ட கொல்லம் ஆண்டுகளைக் கொண்டே நிறுவ முயன்று 1894-இல் நூல் வெளியிட்டவரும் அவரே. நாளிட்ட சான்றின் அருமையை அறிந்த தமிழர் அவர்.

எவ்வளவு நம்பலாம்?

ஆனந்தரங்கர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று யாரும் கொள்ள வேண்டுவதில்லை. துரை தம்மைப் புகழ்ந்ததை அவர் விரிவாக எழுதுகிறார். பகைவர் புகழ்பெற்றதைச் சுருக்கமாக எழுதுகிறார். கனகராய முதலியாரைப் பற்றியும், துய்ப்ளேக்ஸின் மனைவியைப் பற்றியும் அவர் எழுதியவற்றில் பகைமையின் நெடி வீசுகிறது. புரோக்கோப்பியஸ் தியோடோராவைப் பற்றி எழுதியது நினைவுக்கு வருகிறது. இருவரும் பெரிய இடத்துப் பணியாளர்கள். இருவரும் பகலில் வணங்கியவரை இரவில் ஏட்டில் எடைபோட்டவர்கள்.

ஆகையால், படிப்பவர் மூன்று வகையாகப் பிரித்துக் கொள்ளலாம். கப்பல் வந்தது, பீரங்கி முழங்கியது, புயல் அடித்தது போன்றவை முதல் வகை. இவற்றைத் திரித்து அவர் பெறும் இலாபம் ஒன்றுமில்லை. பிரெஞ்சு ஏடுகளோடு ஒப்பிடவும் முடியும். இவற்றை நம்பலாம். இன்னார் வந்து இன்னது சொன்னார் என்பவை இரண்டாம் வகை. சொன்னது மெய்யோ பொய்யோ, ஊரில் அப்படிப் பேச்சு இருந்தது என்பது மெய். தம் பெருமையும் பகைவர் சிறுமையும் மூன்றாம் வகை. இவற்றை உப்புப் பார்த்து உண்ண வேண்டும். எந்தச் செய்தி எந்த வகை என்று நாம் பிரிக்க முடிகிறதென்றால், யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதை அவர் பல இடங்களில் குறித்து வைத்ததே காரணம். தம்மை மறுப்பதற்குரிய கருவியையும் தாமே கொடுத்துச் சென்றவர் அவர். இதனினும் பெரிய நேர்மையை எழுதுவோரிடம் எதிர்பார்க்க முடியுமா?

ஏடு பிழைத்த கதை

இத்தனை சிறப்புடைய ஏடு எண்பத்தைந்து ஆண்டு வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. 1846-ஆம் ஆண்டில் புதுச்சேரியிலிருந்த கல்லுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டு படி எடுத்தார். அரியேல் என்ற மற்றொரு பிரெஞ்சு அதிகாரியும் படி எடுத்தார். அவர் சேர்த்தவை பாரிசு நூலகத்தை அடைந்தன. மூலச் சுவடிகளிற் சில பின்னர் மறைந்தே போயின. அந்த இரண்டு பிரெஞ்சுக்காரரும் பேனாவை எடுத்திராவிட்டால் இன்று நமக்குக் கிடைப்பது பாதியோ, அதனினும் குறைவோ!

பின்னர், 1890-களில், சென்னை அரசாங்கத்தார் புதுச்சேரியிலிருந்து படியெடுத்து வந்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தனர். பிரைஸ் என்பாரும் ரங்காச்சாரியாரும் தொடங்கி, டாட்வெல் என்பார் முடித்த அந்த மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. தமிழில் எழுதியதைத் தமிழன் ஆங்கிலத்திலே படிக்க வேண்டிய நிலை! புதுச்சேரியில் தமிழ் மூலம் அச்சாகத் தொடங்கியது 1948-இல். பன்னிரண்டு தொகுதிகளாக அதனைச் செம்மைப்படுத்தி எழுத்தாளர்கள் மு. இராசேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்தது 2019-இல். இடையில் நாவலாசிரியர் பிரபஞ்சன் இந்த ஏட்டைக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரண்டு நாவல்களைப் படைத்தார்; பின்னதற்கு 1995-ஆம் ஆண்டுச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. உயிரோடிருந்த நாளில் ஆனந்தரங்கரைப் புகழ்ந்து தமிழிலும் தெலுங்கிலும் வடமொழியிலும் புலவர்கள் நூல்கள் பாடினர், பரிசிலும் பெற்றனர். அந்தப் புகழ்நூல்களை இன்று ஆராய்ச்சியாளரே தேடிப் படிக்கின்றனர். எவரும் பரிசு தராமல், எவரும் கேளாமல், அவர் தாமே எழுதிய குறிப்பே அவரை வாழவைக்கிறது.

நம் கடமை

அவருடைய எழுத்து அவரோடு நிற்கவில்லை. அவர் குடும்பத்தார் சிலர் தொடர்ந்து நாட்குறிப்பு எழுதினர். புதுச்சேரியில் இரண்டாம் வீராநாயக்கர் என்பாரும் எழுதினார். ஒருவர் இட்ட விதை ஓர் ஊரின் வழக்கமாயிற்று. அது ஏன் நம் வழக்கமாகக் கூடாது?

திருவனந்தபுரத்துத் தமிழர் இந்த வினாவைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சாலைக் கடைத்தெருவில் எத்தனையோ தலைமுறையாகத் தமிழ் வணிகர் கடை நடத்தி வருகின்றனர். அரசாங்க வேலைக்கும் ஆசிரியப் பணிக்கும் நெசவுக்கும் சமையலுக்கும் என்று வந்து குடியேறிய குடும்பங்கள் பல. எந்த ஆண்டில் வந்தனர், ஏன் வந்தனர், எந்தத் தெருவில் குடியிருந்தனர், பிள்ளைகளை எந்த மொழியில் படிக்கவைத்தனர் என்பதெல்லாம் பாட்டிமாரின் நினைவிலே மட்டும் தங்கியிருக்கின்றன. அந்த நினைவு மறையுமுன் எழுதியாக வேண்டும். ஸ்ரீபத்மநாப சுவாமி கோயிலின் மதிலகத்து ஓலைச் சுருணைகள் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றுள் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் உள்ளவை உண்டு. நம் பல்கலைக்கழகத்தின் காரியவட்டத்துச் சுவடி நூலகத்திலும் தமிழ் ஓலைகள் இருக்கின்றன. பதினைந்து நிமிடம் நடந்தால் அடையக்கூடிய அந்தக் கட்டிடத்துக்குள் விஞ்ஞான மாணவர் எத்தனை பேர் நுழைந்திருப்போம்?

ஆனந்தரங்கர் பெரும்புலவர் அல்லர். தவறே இல்லாத மனிதரும் அல்லர். வணிகர், பணியாளர், தம் காலத்தின் நன்மை தீமை இரண்டுக்கும் உட்பட்டவர். அவர் செய்தது ஒன்றே: அன்றன்று நிகழ்ந்ததை அன்றன்று நாளிட்டு எழுதினார். அது நம்மால் ஆகாத செயலன்று. ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகம் போதும். இன்றைய தேதியை முதலில் எழுதுங்கள். அடுத்த வரியில், வீட்டிலுள்ள பெரியவரை ஒரு கேள்வி கேட்டு, அவர் சொன்ன விடையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் குறியுங்கள். எஞ்சியதைப் பின்வருவோர் சரிபார்த்துக்கொள்வர்.